ஐரிஸ் கிழங்குக்கு அணைத்த மண்

நீ கேட்ட ஆறு பூக்களின் பெயர்களும், எந்தப் பண்ணையில் எந்தப் பட்டியல் எண்ணில் அவை கிடைக்கும் என்பதும், இதோடு வைத்திருக்கும் தனித்தாளில் இருக்கின்றன. அந்தத் தாளை இப்போது பிரிக்காதே. முதலில் இதைப் படி. படித்து முடித்தபின் அந்தத் தாள் வேண்டாம் என்று தோன்றினால் கிழித்துப் போட்டுவிடு. வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை.

உன் அம்மா நட்ட ஐரிஸ் செடிகள் அழுகிப்போனதற்கு ஸ்டெல்லா காரணமில்லை. நான்தான் காரணம். அது உன் மனைவியான அவளுக்கு அன்றே தெரியும். எனக்கும் தெரியும். மூன்று வருடங்களாக இது தெரியாதவன் நீ ஒருவன்தான். இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன், ஏனென்றால் சுற்றி வளைத்துப் போனால் பாதி வழியில் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். இந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை இதைக் கைப்பேசியில் தட்டி உனக்கு அனுப்பினேன். மூன்று தடவையும் நீ பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். கனடாவில் உனக்கு விடியாத நேரமாகப் பார்த்துத்தான் அனுப்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னமோ அனுப்பிவிட்டு அழித்திருக்கிறீர்களே அப்பா என்று நீ கேட்டபோது, தவறிக் கை பட்டுவிட்டது என்றேன். அதனால்தான் தபால். பெட்டிக்குள் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? பாப்பா பள்ளியில் கொடுத்த காகிதக் கோப்பையைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். உள்ளே ஈரப் பஞ்சில் ஓர் அவரை முளைத்திருந்தது. கோப்பை சாய்ந்துவிடாமல் இருக்க ஸ்டெல்லா பின்னாலிருந்து கை நீட்டினாள். பாப்பா அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “அம்மா தொடக் கூடாது தாத்தா. அம்மா தொட்டா செடி செத்துடும்” என்றாள். நீ சிரித்தாய். ஸ்டெல்லாவும் சிரித்தாள்; சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் துண்டில் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஆனால் குழந்தை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நெருப்பு சுடும் என்று சொல்வதைப்போலச் சொன்னாள். நீ வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய கேலி அவளுக்கு உண்மையாகிவிட்டது. அதே பேச்சில்தான், அம்மாவின் பாத்தி இத்தனை நாள் சும்மா கிடந்தது போதும், சமீப வருடங்களில் வந்தவற்றில் நல்லதாக ஆறு வகை பார்த்துச் சொல்லுங்கள், நானே நடுகிறேன், ஸ்டெல்லா தண்ணீர்க் குழாயோடு அந்தப் பக்கம் வராதபடி சுற்றி ஒரு வேலியும் போட்டுவிடுகிறேன் என்று சொன்னாய். சரி, பார்க்கிறேன் என்றேன்.

என்னைக் கேட்டது இயல்புதான். முப்பத்தொரு வருடம் விதைப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து, ஈர மணல் தட்டுகளில் எது முளைத்தது எது முளைக்கவில்லை என்று பார்த்துக் குறித்தவன். ரகம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என் தொழில். செடியைப் பற்றி ஏதாவது கேட்டால் அப்பாவுக்குத் தெரியும் என்று நீ சின்ன வயதிலிருந்தே நம்புகிறாய். அந்த நம்பிக்கைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

உன் அம்மா அங்கே வந்த வருடம் நானும் வந்திருக்க வேண்டும். கண்ணில் புரை அறுவை என்று சொல்லி நின்றுவிட்டேன். அறுவையைத் தள்ளிப்போட்டிருக்கலாம், எனக்கு விமானத்தில் ஏறப் பயம். அவள் தனியாக வந்தாள். ஜூன் மாதத்தில் நீ அவளை அந்த ஐரிஸ் பண்ணைக்கு அழைத்துப் போனாய். அன்றைக்கு அவள் என்னோடு தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசினாள். வயல் முழுக்க வரிசை வரிசையாகப் பூத்து நிற்கிறது, மூன்று இதழ் மேலே எழும்பி மூன்று இதழ் கீழே தொங்குகிறது, தொங்குகிற இதழில் கம்பளிப் புழுவைப்போல ஒரு தாடி இருக்கிறது என்றெல்லாம் சொன்னாள். ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து முகர்ந்து பார்த்து ஐந்தைத் தேர்ந்தெடுத்தாளாம். “ஒண்ணு பன்னீர் திராட்சை வாசன அடிக்குதுங்க” என்று அவள் சொன்னபோது, அதன் உயரம் என்ன என்று கேட்டேன்.  “எம் மூக்கு வரைக்கும்” என்றாள்.

ஆகஸ்டில் கிழங்குகள் தபாலில் வந்தன. நீ வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் அவளும் ஸ்டெல்லாவும் சேர்ந்து நட்டார்கள். செப்டம்பரில் அவள் செங்கல்பட்டு திரும்பினாள். ஜனவரியில் நம்மை விட்டுப் போய்விட்டாள். அந்த ஜூனில் ஐந்தில் மூன்று பூத்தன. நீ ஒரு வார்த்தையும் எழுதாமல் படம் மட்டும் அனுப்பினாய். நான் படத்தைப் பெரிதாக்கிப் பூக்களை எண்ணினேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அப்பா தனியாக இருக்க வேண்டாம் என்று நீ சீட்டு எடுத்து அனுப்பியதால், பயத்தை விழுங்கிக்கொண்டு அந்த மாதக் கடைசியில் வந்து சேர்ந்தேன். பூ முடிந்திருந்தது. காய்ந்த தண்டுகள்தான் இருந்தன.

இரண்டாம் நாள் காலை நீ கிளம்பிப் போனபின் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஐரிஸ் கிழங்குகள் எல்லாம் இஞ்சியைப்போல முதுகு வெளியே தெரிய, வெயிலில் வறண்டு, வேர் மட்டும் மண்ணுக்குள் போயிருக்கக் கிடந்தன. மழை மண்ணை அரித்துவிட்டது என்று நினைத்தேன். நம் பக்கத்தில் மஞ்சளோ சேம்போ இப்படி வெளியே தெரிந்தால் என்ன செய்வோம்? மண் அணைப்போம். அதை யாரும் யாரையும் கேட்டுச் செய்வதில்லை. குழந்தையின் போர்வை விலகியிருந்தால் இழுத்துவிடுகிற மாதிரி. கார் நிறுத்துமிடத்தில் நீ வாங்கி வைத்திருந்த உர மண் மூட்டைகளைப் பிரித்து, ஐந்து தூருக்கும் மண் அணைத்து, மேலே வெட்டிய புல்லைப் பரப்பினேன். உன் அம்மா போனபிறகு அவளுக்காகச் செய்ய எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. மண்ணைத் தட்டி முடித்து எழுந்தபோது பல மாதங்களுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தண்ணீர் விட்டேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. நோட்டில் குறித்தும் வைத்தேன். நான் செய்த கெடுதல்களில் இவ்வளவு ஒழுங்காக எதையும் செய்ததில்லை.

ஸ்டெல்லா என்னைத் தடுத்தாள். இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டாவது வாரம், அவள் வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு நாள், காபியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். “மாமா, அத மூடக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. முதுகு வெயில் பாக்கணுமாம். பண்ணைல சொல்லி அனுப்பினாங்களாம்” என்றாள். நான் சிரித்தேன். “முப்பது வருஷம் விதையோடயே இருந்தவன்மா நான்” என்றேன். சரி மாமா என்றாள். திரும்பிப் போனவள் படியில் நின்று, “தண்ணியாவது கொஞ்சம் கம்மியா...” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டாள். நான் தோட்டக்கலையைப் பாடப் புத்தகத்தில் படித்தவன். அவள் குடும்பத்தார் தாத்தா காலம்வரை மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் பிறருடைய நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தபின்தான் ஊரப்பாக்கத்தில் வீடு. சிறுசேரியில் உன்னோடு வேலை பார்த்த பெண் என்று நீ அவளை முதன்முதலாக அழைத்துவந்தபோது, உன் அம்மா உடனே உள்ளே கூட்டிப் போய்விட்டாள். நான் வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை. எதிர்க்கவில்லை என்று பின்னாளில் நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன். ஆனால் அன்றைக்குத் தோட்டத்தில், இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது எங்கிருந்து வந்த குரல் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் நாற்றம் வந்தது. ஓர் இலையைப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. புல்லை விலக்கிக் கிழங்கைத் தொட்டேன். விரல் உள்ளே போயிற்று. அழுகல் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐந்து தூரையும் பார்த்தேன். ஐந்தும் அப்படித்தான். அன்றைக்கே சாயங்காலம் நீ வந்ததும் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? கையோடு வந்த இலையை அதே இடத்தில் நிற்கும்படி மறுபடி செருகி வைத்தேன். புல்லைச் சமமாகப் பரப்பினேன். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். இரவு சாப்பாட்டின்போது தோட்டம் எப்படியிருக்கிறது என்று நீ கேட்டாய். பரவாயில்லை என்றேன். இரண்டு வாரம் கழித்து ஊருக்குத் திரும்பினேன்.

நீ கண்டுபிடித்தது செப்டம்பர் கடைசியில். வீடியோ அழைப்பில் என்னைக் கூப்பிட்டு, கையிலிருந்த இலைக் கொத்தைக் காட்டினாய். உன் குரல் உடைந்திருந்தது. ஸ்டெல்லா பின்னால் நின்றாள். அவள் தக்காளிப் பாத்தி அதற்குப் பக்கத்தில்தானே இருந்தது. “இவ தக்காளிக்கு ஊத்தின தண்ணிதான்பா. அம்மா பூவ இவதான் கொன்னுட்டா” என்றாய். ஸ்டெல்லா உன்னைப் பார்க்கவில்லை. கேமரா வழியாக என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. நான் அசையாமல் உட்கார்ந்தேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. படம் உறைந்துவிட்டது என்று நீ நினைத்தாய். அப்பா, கேட்குதா, கேட்குதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்தாய். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஸ்டெல்லா தனியாக என்னை அழைத்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேணாம் மாமா. அவருக்கு இப்ப யார் மேலயாவது கோவப்படணும். உங்க மேல பட்டா ரெண்டு பேரும் வருஷக்கணக்கா பேசாம இருப்பீங்க. எம் மேல பட்டா ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவாரு.” நான் “சரிம்மா” என்றேன். மண் அணைத்தது அறியாமை, இலையைச் செருகியது கோழைத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் ‘சரிம்மா’வுக்கு எனக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நீ சாப்பாட்டுக்கு வந்தாய். ஆனால் பழி போகவில்லை. முதலில் கோபமாக இருந்தது, பிறகு குத்தலாக மாறி, கடைசியில் வீட்டுக் கேலியாகிவிட்டது. ரோஜாத் தொட்டி காய்ந்தால் ஸ்டெல்லா கை. கறிவேப்பிலைக் கன்று குளிரில் கருகினால் ஸ்டெல்லா கை. நண்பர்கள் வந்தால் அவர்களிடமும் சொல்வாய். நான் எல்லாவற்றையும் இங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை. இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்த வருடம் என்று நினைக்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் இரண்டு நெல் மாதிரிகளின் சீட்டுகளை நான் மாற்றி ஒட்டிவிட்டேன். முளைப்பு முடிவு தலைகீழாகப் போய், விதை கொடுத்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். தட்டு கழுவும்போது பாக்கியம்தான் மாற்றியிருப்பாள் என்று அதிகாரி சொன்னார். பாக்கியம் எங்கள் கூடத்தில் தட்டு கழுவி மணல் சலிக்கிறவள். அவள் அவரிடம் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்க சார், நான் இன்னா பண்ணேன்?” என்றாள். நான் பேனாவைத் தேடினேன். சட்டைப்பையில்தான் இருந்தது. அவளைக் கிடங்கு வேலைக்கு மாற்றினார்கள். மூட்டைத் தூசியில் அவளுக்கு இருமல் வந்தது. பிறகும் பேருந்து நிலையத்தில் பார்த்தால், “நல்லாகீறீங்களா சார்?” என்பாள். அவள் ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். அப்போது எனக்குப் புரிந்து, பிறகு வசதியாக மறந்துபோன ஒன்றை உனக்குச் சொல்கிறேன்: எங்கே போட்டால் நமக்குத் திரும்பி வராதோ அங்கேதான் நாம் பழியைப் போடுகிறோம். நீயும் யோசிக்காமல் அப்படித்தான் செய்தாய். அந்தக் கோடையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்தவர்கள் வீட்டில் இரண்டு பேர். உன் விரல் ஒரே ஆளை நோக்கித்தான் நீண்டது. என் மகன் என்பதால் அது எனக்கு வியப்பாகவும் இல்லை.

நீ ஆறு வகை கேட்டபின், ஏதாவது தப்பிக்க வழி இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். மாமல்லபுரம் போகிற வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு நாற்றங்கால் இருக்கிறது. பேருந்து பிடித்துப் போனேன். அந்தக் குளிரில் அந்தக் கிழங்கு எப்படியும் செத்திருக்கும் என்று யாராவது விஷயம் தெரிந்தவர் சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசை. நாற்றங்காலை நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். “இன்னா சார் பூ இது, தாடியெல்லாம் வுட்டுகினு சாமியாராட்டம் கீது” என்று சிரித்தாள். இங்கே வராது, நம் வெயிலுக்கு ஒரே வாரத்தில் வதங்கிவிடும் என்றாள். விற்பனைக்கு வேண்டாம், ஒரு சந்தேகம் என்றேன். என் நண்பர் ஒருவர் குளிர் நாட்டில் இதன் கிழங்கை மண் போட்டு மூடி, புல் பரப்பி, இரண்டு வேளையும் தண்ணீர் விட்டார், அழுகிவிட்டது, வேறு காரணம் இருக்குமா என்று கேட்டேன். அவள் படத்தை நகர்த்தி, கிழங்கு தெரிகிற படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வேற இன்னா காரணம் வோணும்? அதும் முதுகு வெயில்ல காயறதுக்குன்னே மேல கீது. பார்த்தாலே தெரியுதே. அத்தப் பொதச்சி, நாத்தங்காலுக்கு வுடற மாரி தண்ணி வுட்டுகினே இருந்தா? நம்மூரு சம்பங்கிக் கெழங்கே தாங்காது. யாரு சார் அந்தப் புண்ணியவான், படிச்சவரா?”

ஆமாம் என்றேன்.

“அதான். வூட்ல பொம்பளைங்க யாரும் சொல்லலையா அவருக்கு?”

சொன்னார்கள் என்றேன். அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். வந்ததற்கு ஒரு நந்தியாவட்டைக் கன்று வாங்கிக்கொண்டேன். அதை எங்கள் அடுக்குமாடி வாசலில் வைத்திருக்கிறேன். காவலாளிதான் தண்ணீர் விடுகிறார்.

இப்போது ஆறு பூக்கள். மூன்று பண்ணைகளின் விலைப் பட்டியல்களை இணையத்தில் பார்த்தேன். கடந்த ஆறேழு வருடங்களில் வந்தவற்றில், உங்கள் ஊர் மாதிரியான குளிரில் குறைந்தது மூன்று பனிக்காலத்தைத் தாண்டியதாக வளர்த்தவர்கள் எழுதியவற்றை மட்டும் எடுத்தேன். ஐம்பத்திரண்டு தேறின. கட்டம் போட்டேன். முதல் கட்டம், அழுகலைத் தாங்குமா. பிறகு தண்டு உறுதி, தண்டுக்கு எத்தனை மொட்டு, மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரியுமா ஒரே சமயத்தில் நெருக்கியடிக்குமா என்பதெல்லாம். நிறத்தைக் கடைசிக் கட்டமாக வைத்தேன். படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாந்துபோவது நிறத்தில்தான். இப்போது வருகிற ஐரிஸ்களுக்கு இதழ் ஓரமெல்லாம் சுருக்கம், கொசுவம் வைத்த மாதிரி. அழகுதான், மழை பெய்தால் அந்தக் கனத்துக்குத் தண்டு சாய்ந்துவிடும். எல்லாப் பட்டியலிலும் முதல் பக்கத்தில் ஓர் இளஞ்சிவப்பு இருக்கிறது, ஆரஞ்சுத் தாடியோடு. அதை நான்கு தடவை சேர்த்து நான்கு தடவை நீக்கினேன். கடைசியில் நீக்கியே இருக்கிறேன். இலையுதிர் காலத்தில் மறுபடியும் பூக்கும் என்று சிலவற்றை விற்கிறார்கள். உங்கள் ஊரில் அந்த இரண்டாவது மொட்டு விரிவதற்குள் பனி வந்துவிடும் என்று வளர்த்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அவற்றை விட்டுவிட்டேன்.

நான் சேர்த்தவற்றில் எனக்கு நிச்சயமானது மேலே வெள்ளையும் கீழே கருநீலமுமாக இருக்கும் உயரமான ஒன்று. அதன் தண்டைப் பற்றி யாருமே குறை சொல்லவில்லை. குட்டை வகையில் இரண்டு எடுத்திருக்கிறேன். உயரமானவை பூப்பதற்கு முன்பே அவை பூத்துவிடும், காற்றுக்கும் பயமில்லை. அவற்றில் ஒன்று தேன் நிறம், அதற்கு நீலத் தாடி. உயரமானவற்றில் வெல்லப்பாகு நிறத்தில் ஒன்றும், வெளிறிய நீலத்தில் ஒன்றும் இருக்கின்றன. ஆறாவதில் எந்த இரண்டு இதழும் ஒரே மாதிரி இருக்காது, யாரோ சாயத்தை உதறிவிட்டதுபோல இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் கட்டத்தில் அதற்குத்தான் அதிக மதிப்பெண். என் பிடித்தத்தைவிட என் கட்டத்தை நம்புகிறேன், கட்டத்தையும் முழுதாக நம்பவில்லை. வாசனைக்கென்று ஒரு கட்டம் போட்டேன். பட்டியல்களில் அதைப் பற்றி ஒழுங்காக யாரும் எழுதுவதில்லை. அது காலியாகவே இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால், ஜூனில் நீங்கள் மூன்று பேரும் அந்தப் பண்ணைக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, என் தாளில் எதை வேண்டுமானாலும் அடித்துவிடுங்கள்.

நடுகிற முறையையும் எழுதுகிறேன். பாத்தியின் பழைய மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வாரிக் கொட்டிவிடு. அழுகல் அதில் இருக்கும். மண்ணோடு பருமணல் கலந்து, பாத்தியை மேடாக்கு. நடுவில் சின்ன வரப்பு மாதிரி எழுப்பி, கிழங்கை அதன்மேல் உட்காரவைத்து, வேர்களை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டு மண் தள்ள வேண்டும். வேடந்தாங்கல் ஏரியில் வாத்து மிதக்கும்போது முதுகு தெரியுமே, அந்த அளவு கிழங்கு வெளியே தெரிய வேண்டும். ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விட்டால் போதும். பிறகு மண் காய்ந்தால்தான். புல், இலை, எதையும் மேலே போடாதே. இதையெல்லாம் நான் இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்டெல்லாவுக்கு இது அம்மாவின் வாயிலிருந்தே தெரியும். உன் அம்மாவோடு அந்தப் பாத்தியில் மண்டியிட்டு உட்கார்ந்தவள் அவள்தான். நீயும் இல்லை, நானும் இல்லை. ஆகையால் நீ நடாதே. அவள் நடட்டும். வேலியும் போடாதே.

இந்தக் கடிதத்தை எழுதப் போகிறேன் என்று போன புதன்கிழமை ஸ்டெல்லாவை அழைத்துச் சொன்னேன். அவளுக்கு அது எப்படி இருக்கும் என்று கேட்காமல் ‘சரிம்மா’ சொன்ன மாதிரி, அவளைக் கேட்காமல் இதையும் செய்துவிடக் கூடாது என்று தோன்றியது. மூன்று வருஷம் ஆகிவிட்டதே மாமா, இப்போது எதற்கு, அவர் உடைந்துபோவார் என்றுதான் முதலில் சொன்னாள். பாப்பாவின் அவரைக் கோப்பைக்காக என்றேன்.  இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

“அன்னிக்கு கையத் துடைச்சிக்கிட்டே இருந்தேன் மாமா” என்றாள். “கை ஈரமாவே இல்ல.”

அதற்குப்பின் அவள், எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாள். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். தவறாக எடுத்துக்கொண்டேனோ என்னவோ.

உனக்கு நான் அறிவுரை சொல்லும் நிலையில் இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும். அதை அடக்காதே. அம்மாவின் பூவைக் கொன்றவன் என்ற கோபம் எனக்கு உரியது. மூன்று வருடமாக அது தப்பான விலாசத்தில் கிடந்தது. எத்தனை மாதம் பேசாமல் இருந்தாலும் சரி, என்னிடம் வர உனக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ எடுத்துக்கொள். எனக்கு எழுபத்துநான்கு வயது என்பதைக் கணக்கில் கொள்ளாதே. ஆனால் ஸ்டெல்லாவிடம் போவதற்கு அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளாதே. சரியான வார்த்தை கிடைக்கட்டும் என்று உட்கார்ந்துவிடாதே. நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தாள்களைக் கீழே வைத்துவிட்டு, அவள் சமையலறையில் இருந்தாலும் மாடியில் இருந்தாலும், இப்போதே எழுந்து போ. போகும்போது பாப்பாவையும் கூப்பிட்டுக்கொள். பெரியவர்கள் பேசும் இடம் என்று அவளை அனுப்பிவிடாதே. அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி சொல்.

அப்பா